தராசுக்காரரின் கள்ள எடை

ஆரணியில் காவல் நிலையத்தை ஏமாற்றியவர்கள் உண்டு. கட்டிய மனைவியை ஏமாற்றியவர்களும் உண்டு. எங்கள் தெருத் தராசுக்காரரை ஏமாற்றியவர் எவரும் இல்லை. இதை எந்த மேடையிலும் ஏறி நிறுவ நான் தயார்.

பட்டுக்கடை ஒன்றில், நெசவாளர்களுக்கு நூலை நிறுத்துக் கொடுப்பதும், அது சேலையாகத் திரும்பும்போது மறுபடி நிறுத்து வாங்குவதும் அவர் வேலை. நூலில் கொஞ்சம் ஒதுக்கிக்கொண்டு, குறைந்த எடையைக் கஞ்சியால் ஈடுகட்டும் கெட்டிக்காரர்கள் எங்கும் உண்டல்லவா? தராசுக்காரர் சேலையைக் கன்னத்தில் ஒற்றிக் கண்ணை மூடுவார்.

"நூலு பாதி, கஞ்சி பாதி. மோர் ஊத்திக் குடிக்கலாம்!"

பேச்சுப் போட்டிக்காக நான் மாடியில் முழங்கினால், அவர் குடியிருந்த கீழ்வீட்டிலிருந்து எனக்கும் அதே தீர்ப்பு வரும்: "ஏ ஸ்பீக்கரு! இன்னிக்குக் கஞ்சி ஜாஸ்தி!"

எழுபத்தைந்தைத் தாண்டியவருக்கு நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கத் தொடங்கியது. இதய வால்வு இறுகிவிட்டது, மாற்ற வேண்டும் என்றார்கள். இதய நோய் என்றால் வாயைக் கட்ட வேண்டும் என்று தாமே தீர்மானித்து, மூன்று வேளையும் ரசஞ்சோற்றில் இறங்கினார். சில வாரங்களில் சட்டை அவர்மேல் ஆணியில் மாட்டியதுபோல் தொங்கியது.

வேலூர் மருத்துவமனைக்குத் துணையாகப் போனேன். உணவு ஆலோசகரான போளூர்ப் பெண், கைப்பிடியின் வலுவை அளக்கும் பிடிமானி ஒன்றைக் கையில் கொடுத்து அழுத்தச் சொன்னார். முள் அசையவே யோசித்தது.

"வால்வ மாத்திடலாம்ங்க ஐயா. ஆனா உடம்புல சதை இல்லாம மாத்தினா, அப்புறம் எழுந்து நடமாடறது கஷ்டம். முட்டை, பருப்பு, சுண்டல்னு சாப்ட்டு, தெனமும் நடங்க. ஒரு மாசத்துல மூணு கிலோ ஏத்திக்கினு வாங்க. ஆபரேஷனுக்குத் தேதி வாங்கிடலாம்."

"குடுத்ததுக்கு மேல எடை ஏறினா அது திருட்டும்மா!"

"ஆண்டவன் குடுத்தது இத விட ஜாஸ்திங்க. நடுவுல நீங்கதான் தொலைச்சிட்டீங்க."

ஒரு மாதம் கழிந்தது. எடை இயந்திரத்தில் ஏறி நின்றார். துல்லியமாக மூன்று கிலோ கூடுதல்! வாழ்த்துரைக்கு நான் தொண்டையைச் செருமினேன். அந்தப் பெண் மட்டும் அவர் முகத்தையே பார்த்தார்.

"அருமைங்க. கொஞ்சம் நடங்க, பார்க்கலாம்."

நாலாம் அடியில் வேட்டி சரிந்தது. ஐந்தாம் அடியில், மடிக்குள்ளிருந்து கடையின் பழைய இரும்பு எடைக்கல் 'டங்' என்று தரையில் விழுந்தது. தொடர்ந்து இன்னொன்று. மூன்றாவதை அவரே மரியாதையாக எடுத்து மேசைமேல் வைத்தார்.

"எப்படிம்மா கண்டுபிடிச்ச?"

"மூஞ்சில ஒரு கிராம் கூட ஏறலீங்களே. வேட்டிதானே ஏறிக்கினு இருக்குது!"

பேருந்தில் ஆரணி நெருங்கும்போது அவர் ஜன்னல் பக்கம் திரும்பியபடியே சொன்னார்: "சோறு எறங்கல, ஸ்பீக்கரு. தேதி தள்ளிக்கினே போனா, அதுக்குள்ள மூச்சு நின்னு பூடுமோன்னு பயம்."

நான் வாய் மூடியிருக்கவில்லை. எடைக்கல் விழுந்த கதை அன்று மாலைக்குள் தெருவெல்லாம் பரவிற்று. மறுநாள் விடியலில், முன்பு அவரிடம் பிடிபட்ட நெசவாளர்கள் நால்வர் அவித்த முட்டையும் பயறுச் சுண்டலும் வேர்க்கடலையுமாக வாசலில் நின்றார்கள்.

"எங்க சேலைய கன்னத்துல வெச்சுப் பார்த்தீங்களே, இப்ப வாயத் தொறங்க. நாங்க பார்க்கறோம்!"

"பேஜாரா பூச்சுடா உங்களோட!"

"அத மென்னு முழுங்கிட்டுச் சொல்லுங்கண்ணே!"

திட்டிக்கொண்டே தின்றார். பக்கத்துக்கு இருவராக நின்று தெருவின் இரு முனைக்கும் நடத்தினார்கள், திட்டிக்கொண்டே நடந்தார். அடுத்த மாதம் எடை பார்க்கும் முன், கேட்காமலே வேட்டியை உதறிக் காட்டினார். சட்டையைக் கழற்றினார், கடிகாரத்தைக் கழற்றினார். அரைஞாண் கயிற்றில் கை வைத்தபோது அந்தப் பெண் கும்பிட்டார்: "ஐயா, போதும்ங்க!"

"மூணுக்குக் கால் கிலோ கொறையுதேம்மா," என்றார், இயந்திரத்தைக் குனிந்து பார்த்து.

"பரவால்லீங்க. பிடி நல்லாருக்குது, நடையும் நல்லாருக்குது. தேதி வாங்கிடலாம்."

அறுவை முடிந்து, பார்க்க அனுமதித்த நாளில், நான் இரவெல்லாம் செதுக்கிய வாழ்த்துரையோடு கட்டிலருகே நின்றேன். முதல் வாக்கியம் முடியவில்லை.

"கஞ்சி," என்றார், கண்ணைத் திறக்காமலே.

பேச்சை நிறுத்திக் கையை நீட்டினேன். அவர் பிடித்த பிடியில் மோதிரம் என் விரலில் அழுந்தி வலித்தது. விடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.