பேராசிரியருக்கு விசேஷம்

"சார், மறுபடியும் அதேதான் வந்திருக்கு," என்றாள் ஆராய்ச்சி மாணவி தேவதர்ஷினி, தலையை நிமிர்த்தாமல். "நீங்க முழுகாம இருக்கீங்கன்னு காட்டுது."

வேதியியல் பேராசிரியர் தெய்வசிகாமணிக்கு ஐம்பத்தெட்டு வயது. முரட்டு மீசை வேறு.

கல்வராயன் மலையில் பூச்சிமருந்து அடிக்கும் கூலியாட்களின் சிறுநீரில் ஹார்மோன் எப்படி மாறுகிறது என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. ஒப்பிட்டுப் பார்க்க, மருந்து வாடையே படாத ஓர் ஆண் வேண்டுமென்று தன்னுடையதையே கொடுத்தார். கள்ளக்குறிச்சிக் கல்லூரியின் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் மெஷினோ, அவருக்குக் கர்ப்பகால ஹார்மோன் கரைபுரண்டு ஓடுவதாகச் சொல்லிவிட்டது.

மெஷினை இரண்டு நாள் கழுவித் துடைத்துச் சரிபார்த்து, புதிதாக ஒரு பாட்டில் கொடுத்தார். அளவு ஏறியது. சங்கராபுரத்தில் இருக்கும் தன் வீட்டிலிருந்து அட்டெண்டர் பச்சமுத்து டிவிஎஸ் வண்டியில் கொண்டுவரும்போது வெயில் பட்டிருக்கும் என்று ஐஸ் பெட்டி வாங்கிக் கொடுத்தார். இன்னும் ஏறியது.

மனைவி ஆண்டாள் விழுந்து விழுந்து சிரித்தாள். "இன்னாங்க, மாங்கா கீங்கா வாங்கியாரட்டா?"

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. வெட்கத்தை விட்டு ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். வயிற்றில் வாயுவைத் தவிர ஒன்றுமில்லை. அப்படியானால் மெஷின்தான் பொய் சொல்கிறது. அதை நம்பி அவர் எழுதிய பதினாறு வருஷத்து நாற்பது கட்டுரைகளும் பொய்.

அத்தனையையும் வாபஸ் வாங்குவதாகக் கடிதம் எழுதி, பச்சமுத்துவிடம் நீட்டினார்.

"தபால்ல போட்டுடுய்யா. நம்ம மெஷின் சரியில்ல. நான் எழுதினதெல்லாம் தப்புன்னு ஒத்துக்கினேன்."

பச்சமுத்துவுக்கு முகம் வெளிறிப் போயிற்று.

"மெஷின் மேல பழி போடாதீங்க சார். மொத பாட்டிலு வர்ற வழியில எங்க வூட்டு வாசல்ல உழுந்து ஒடைஞ்சிடுச்சி. வேற பாட்டில்ல ஒங்க பேர எழுதினேன். பெரியவங்க பேரப் போட்டுட்டு அதுல கண்டவனோடத எப்டிங்க ஊத்தறது? மரியாதையா இருக்கட்டும்னு எங்க பசுவோடத புடிச்சி ஊத்திட்டேன்."

"அப்ப ரெண்டாவது, மூணாவது?"

"மாறிப் போனா மாட்டிக்குவேனேன்னு... அதுவும் பசுதாங்க."

தெய்வசிகாமணிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கடிதத்தைச் சுக்குநூறாகக் கிழித்தார். திட்ட வேண்டும் என்பதையே மறந்து பச்சமுத்துவைக் கட்டிக்கொண்டார். இத்தனை நாளும் தன்னைக் காட்டிக்கொடுத்ததாக நினைத்த மெஷினை ஆசையோடு தடவினார்.

"பொய்யே சொல்லலய்யா இது! செனை மாட்ட செனை மாடுன்னு சொல்லியிருக்கு!"

பச்சமுத்து திருதிருவென்று விழித்தான்.

"இன்னா சார் சொல்றீங்க? மாட்டு டாக்டரு ரெண்டு வாட்டி பாத்துட்டு, செனையே நிக்கலன்னு சொன்னாரேன்னு நாளைக்கி அத்த சந்தைக்கு ஓட்ட இருந்தேனே!"