துரைசானியின் ஆமைக்கு நான் கடல் காட்டியது

ரேஷனில் அரிசியைக் குறைத்து மக்காச்சோளத்தை அளந்து போட்டார்களே, ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு திரிந்ததே, அந்த வருஷம் நடந்தது இது. (அந்தச் சோளத்தில் என் அம்மா ஒரு களி கிண்டுவாள். அதை வைத்துத் தோணியில் ஓட்டை அடைக்கலாம். அது கிடக்கட்டும், ஆமைக்கு வருகிறேன்.) இரண்டாம் உலகச் சண்டைக்காலம். கப்பல் வரத்து குறைந்து, துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த நான் சும்மா நின்றேன்.

என் தாய்மாமா மிக்கேல் ஒரு துரை பங்களாவில் சமையல்காரர். அங்கே எனக்குத் தோட்ட வேலை வாங்கிக் கொடுத்தார். கொடுத்த கையோடு சொன்னார்:

"ஏலே சூசை, இங்கன ஒழுங்கா நிலைச்சு நின்னேன்னா ரோஸம்மாவ ஒனக்குக் கட்டித் தாரேன். என் பேரக் கெடுத்தேன்னா இந்தப் பக்கம் தல வச்சுப் படுக்காத."

ரோஸம்மா அவர் மகள். பங்களாவின் பின்கட்டில்தான் குடியிருந்தார்கள். அவளுக்காக நான் அந்தக் களியைக் கேட்டு வாங்கித் தின்றிருப்பேன்.

கோடை வந்ததும் துரையும் துரைசானியும் கொடைக்கானலுக்குக் கிளம்பினார்கள். சமைக்க மாமாவும் கூடப் போனார். போகும்போது துரைசானி தன் ஆமையை என் கையில் கொடுத்தார். மேடான ஓடு, அதில் மஞ்சள் மஞ்சளாக நட்சத்திரக் கோடுகள். பேர் டாமி. பிள்ளை இல்லாத அந்த அம்மாளுக்கு அதுதான் பிள்ளை.

"கீரை குடு. சின்னத் தட்டுல தண்ணி. காலைல வெயில், அப்புறம் நிழல். போதும்," என்றார் துரைசானி.

அவர் முதுகுக்குப் பின்னால் நின்று மாமா என்னைப் பார்த்துக் கண்ணை உருட்டினார். "இதுக்கு ஒண்ணு ஆச்சு, கல்யாணத்த மறந்துரு."

நான் தலையை ஆட்டிவிட்டு மனசுக்குள் சிரித்தேன். ஆமையைப் பற்றி எனக்கா பாடம்? என் அப்பா சங்குக்கும் முத்துக்கும் கடலில் முங்கியவர். எங்கள் தெருவில் ஆமை தெரியாதவன் உண்டா? பாவம், இந்த வெள்ளைக்காரிக்கு ஒன்றும் தெரியவில்லை, கடல் ஜீவனைக் கட்டாந்தரையில் போட்டு வதைக்கிறாள் என்று நினைத்தேன்.

முதலில் அது வேலிக்குள் நுழைந்துகொண்டது. தேடி எடுத்து, கரைக்கு வரும் கடலாமை ஓடாமலிருக்க நாங்கள் செய்கிற மாதிரி மல்லாக்கப் போட்டேன். காலை உதறியது. விளையாடுகிறது என்று எடுத்துக்கொண்டேன். கீரையைத் தூக்கிப் போட்டுவிட்டு நல்ல சாளை மீன் வாங்கி வந்து வாயருகே நீட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டது. எவ்வளவு கெஞ்சியும் தின்னவில்லை. எனக்கு விளங்கிவிட்டது. கடல் ஏக்கம்!

குடம் குடமாகக் கடல் தண்ணீரைச் சுமந்து வந்து துணி துவைக்கிற தொட்டியை நிரப்பினேன். தோள் காய்த்துப் போயிற்று. டாமியைத் தூக்கி உள்ளே விட்டேன்.

நேராக அடிக்குப் போய் உட்கார்ந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. என்ன மூச்சு! என்ன தம்! என் அப்பாவே இவ்வளவு நேரம் முங்கியதில்லை. தொட்டி விளிம்பில் சாய்ந்து, "அடக்கு ராசா, இன்னும் அடக்கு," என்று கை தட்டி உற்சாகப்படுத்திக்கொண்டிருந்தேன்.

துணி துவைக்க வந்த ரோஸம்மா எட்டிப் பார்த்தாள்.

"அத்தான், என்ன செய்யுதீரு?"

"முங்கிக் கெடக்கு பாரு ஏளா! முத்தெடுக்கப் போகலாம் இது!"

"முங்கலவே, சாவுது! அது காலப் பாரும்! துடுப்பாட்டமா இருக்கு? ஆனைக்கால் மாதிரில்ல இருக்கு, நகம் வேற! அது தரையில நடக்குத ஆமைவே!"

தொட்டிக்குள் கையை விட்டு எடுத்தாள். தலை துவண்டு தொங்கியது. எனக்கு உலகம் இருட்டிப் போயிற்று. வேலை போச்சு, மாமா போச்சு, ரோஸம்மா போச்சு. அதைவிட, வாயில்லாத ஜீவனை உயிரோடு முக்கிவிட்டுக் கை தட்டிக்கொண்டு நின்றிருக்கிறேனே! கொழும்புக்குத் தோணி ஏறிவிடலாமா என்று யோசித்தேன். (சண்டைக்காலத்தில் யார் ஏற்றுவான்?)

அவள் யோசிக்கவில்லை. தலையைக் கீழே பிடித்து, கழுத்தை நீட்டி, முன்னங்கால்களை இழுத்து இழுத்து விட்டாள். மூக்கிலிருந்து தண்ணீர் வடிந்தது. நான் மாதாவைக் கூப்பிட்டு அழுதேன்.

"சத்தம் போடாதேயும், மூச்சு வருதான்னு கேக்கணும்," என்று அதட்டினாள்.

ரொம்ப நேரம் கழித்து மூக்கில் ஒரு குமிழி வந்தது. இன்னொன்று வந்தது.

அதன் பிறகு பட்ட பாடு பெரிது. கண்ணைத் திறக்காது, தின்னாது, மூக்கு ஒழுகிக்கொண்டே இருக்கும். ரோஸம்மா நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவினாள். காலை வெயிலில் வைப்பாள், சூடு ஏறினால் ஓலை நிழலுக்கு மாற்றுவாள். முருங்கைக் கீரையும் சப்பாத்திக்கள்ளிப் பழமும் கொண்டுவந்து வைப்பாள். நான் பக்கத்தில் எழவு வீட்டுக்காரன் மாதிரி உட்கார்ந்திருப்பேன். ஒரு காலையில் அது ஒரு இலையைக் கடித்தது. அந்தக் கடி எனக்குக் காதில் கோயில் மணியாகக் கேட்டது.

துரைசானி திரும்பி வந்தார். டாமி அவர் காலடிக்கு நடந்தது. நான் கிட்டே போனேன். புஸ்ஸென்று சீறி ஓட்டுக்குள் சுருங்கியது. விலகினேன், தலை வந்தது. மறுபடி போனேன், மறுபடி புஸ்.

"ஏலே, என்னல செஞ்ச இத?" என்றார் மாமா.

ரோஸம்மாதான் எல்லாவற்றையும் சொன்னாள், நான் கை தட்டியது உட்பட. துரைசானி ஒரு வார்த்தை திட்டவில்லை. ஆமையை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். அதற்குப் பதில் திட்டியிருக்கலாம்.

மாமா தலையில் அடித்துக்கொண்டார். பிறகு மகளைப் பார்த்துச் சொன்னார்: "இவனத் தனியா விட்டா ஊர்ல ஒரு ஜீவன் மிஞ்சாது. நீயே கட்டிக் காவல் காத்துக்கோ தாயி."

அப்படித்தான் எனக்குக் கல்யாணம் ஆயிற்று. ஆனால் தலைப்பிள்ளை பிறந்தபோது குளிப்பாட்ட ஆசையாகக் கை நீட்டினேன். வீட்டுப் பெண்கள் அத்தனை பேரும் ஒரே குரலில் அலறினார்கள். அன்று முதல் பிள்ளை, பேரன், கொள்ளுப்பேரன் என்று எத்தனை வந்தாலும், தண்ணீர்ப் பானை பக்கத்தில் இருந்தால் என் கையில் தருவதில்லை. போன மாதம் பிறந்ததையும் தரவில்லை.

அந்த மாதிரி ஆமையை வீட்டில் வைப்பதே இப்போது குற்றமாம். நல்லது. அப்படியும் எவனாவது தூக்கி வந்து தொட்டியில் விடப் பார்த்தால், அது எங்கே நடந்து எதைத் தின்று பிழைக்கிறது என்று முதலில் கேட்கச் சொல்லுங்கள். என் பேரைச் சொல்லியே சொல்லலாம். எப்படியும் இந்தக் கதை இந்த ஊரில் தெரியாதவன் இல்லை.