குணமணியின் பாரிஸ் போத்தல்

பற்பசையைத் தேடிய நல்லையாவின் முழங்கை எதையோ தட்டியது. குசினித் தொட்டிக்குள் 'டணங்' என்று ஒரு சத்தம். முகமெல்லாம் சவர்க்கார நுரை. அவசரமாகக் கழுவிவிட்டுக் குனிந்து பார்த்தார்.

தொட்டிக்குள் கிடந்தது மனைவி குணமணியின் பாரிஸ் போத்தல். கண்ணாடி மூடி ஒரு பக்கம், போத்தல் ஒரு பக்கம். நல்ல காலம், உடையவில்லை. ஆனால் கழுத்துவரை நிறைந்திருந்த தேன் நிறச் சென்ட்டில் ஒரு சொட்டுக்கூட மிச்சமில்லை.

"ஐயோ கடவுளே, கொட்டிப்போட்டேனே!"

தொட்டியை மணந்து பார்த்தார். ஒன்றும் மணக்கவில்லை. எப்படி மணக்கும்? போன கிழமை பிடித்த தடிமன் இன்னும் விட்டபாடில்லை. நமுனுகுல மலைக் குளிர் அவருடைய மூக்குக்குள்ளேயே குடியேறியிருந்தது.

நல்லையா அந்தத் தேயிலைத் தோட்டத்தின் பெரிய கிளாக்கர். யாழ்ப்பாணத்தை விட்டு வந்த குணமணிக்கு இந்த மலையில் பேச்சுத்துணைக்குக்கூட ஆளில்லை. பனியும் அட்டையும்தான். அந்த வெறுப்பில் சென்ட் போத்தல் சேர்க்கத் தொடங்கினாள். குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய் வந்த தோட்டத்து லயத்துப் பெண்களிடம் ஒன்று, பதுளைக் கடைத்தெருவில் ஒன்று என்று சேர்த்துச் சேர்த்து ஷோகேஸ் நிறைந்து, அதிலிருந்த ரேடியோ கட்டிலுக்கடியில் போய்ச் சேர்ந்தது. தன்னைப்போலவே போத்தல் பைத்தியம் பிடித்தவர்கள் பதுளையிலும் ஹாலிஎலயிலும் இருப்பதைக் கண்டுபிடித்து, 'ஊவா சென்ட் போத்தல் சேகரிப்போர் சங்கம்' என்று ஒன்றும் உண்டாகிவிட்டது. சங்கம் என்று அவள் வாயெடுத்தாலே நல்லையாவின் காது தானாக அடைத்துக்கொள்ளும். வாய் மட்டும் 'ம்' என்று சொல்லும்.

இன்று சங்கக் கூட்டம் இவர்களுடைய குவாட்டர்ஸில். இன்றைக்குத் தெரிவாகும் போத்தல்தான் கொழும்புக் கண்காட்சிக்குப் போகும். அதை வைத்திருப்பவர்தான் சங்கத்தின் அடுத்த தலைவர். தன் தம்பி சதீசன் தொண்ணூற்றெட்டுத் தைப்பொங்கலுக்குப் பாரிஸிலிருந்து அனுப்பிய இந்தப் போத்தலை நம்பித்தான் குணமணி இத்தனை மாதமாகக் காத்திருந்தாள். சங்கத்தாரைக் கூட்டிவர விடியவே வான் பிடித்துப் பதுளைக்குப் போயிருந்தாள். போகும்போது நீளமாக ஏதோ சொன்னாள். போர்வைக்குள்ளிருந்து 'ம்' போட்ட நல்லையாவின் காதில் விழுந்தது 'போத்தல் கவனம்' என்பது மட்டும்தான்.

துடைத்துவைக்க எடுத்திருப்பாள் பாவம், அதைப் போய்க் கவிழ்த்துவிட்டோமே என்று தலையில் அடித்துக்கொண்டார். அவள் வந்ததும் உண்மையைச் சொல்லி ஒரு பாட்டம் திட்டு வாங்கியிருக்கலாம். மனிதருக்கு அந்தத் தைரியம் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. போத்தலைக் கோட்டுக்குள் மறைத்துக்கொண்டு தேயிலைத் தொழிற்சாலைக்கு ஓடினார்.

அங்கே தேத்தண்ணீர் ஊற்றிச் சாயம் பார்க்கும் அழகர் கிண்ணங்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"அழகர், தேன் நிறத்திலை கொஞ்சம் தேத்தண்ணி வேணும்."

"குடிக்கவாங்க ஐயா?"

"இல்லை, போத்தலுக்கு."

அழகர் மேற்கொண்டு கேட்கவில்லை. சம்பளம் போடுகிற மனிதரிடம் காரணம் கேட்பது நல்லதில்லை என்பது அவருடைய கட்சி. பதமாகச் சாயம் இறக்கி ஊற்றிக் கொடுத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் அசல் சென்ட்டேதான். நல்லையாவுக்குப் போன உயிர் திரும்பியது.

பாதி வழியில் போத்தலை வெளியே எடுத்தவர் அலறிவிட்டார். வந்த வேகத்தில் திரும்பி ஓடினார்.

"என்ன மனுசன் நீர்? சேத்துத் தண்ணியையெல்லோ ஊத்தித் தந்திருக்கிறீர்!"

அழகருக்கு ரோசம் வந்துவிட்டது. "நல்ல தேயிலன்னா ஆறுனதும் கலங்கத்தாங்க செய்யும். கலங்கலன்னாத்தான் ஐயா என்னைய வையணும்."

"கலங்காத மட்டத் தேயிலை ஒண்டும் இல்லையோ?"

"மெதுவா பேசுங்க ஐயா! தொர காதுல விழுந்தா ரெண்டு பேரும் வீட்டுக்குத்தான் போவணும். இதச் சுடவெச்சா தெளிஞ்சிரும்."

சுடுதண்ணீர்ச் சட்டிக்குள் போத்தலை இறக்கினார்கள். தேத்தண்ணீர் தெளிந்தது. போத்தலில் ஒட்டியிருந்த தங்க லேபிளும் கழன்று மேலே மிதந்தது.

"ஐயோ, லேபிள்!"

"பதறாதீங்க ஐயா. சோத்துப் பருக்க வெச்சு ஒட்டிறலாம்."

அழகர் தன் சாப்பாட்டுப் பார்சலைப் பிரித்துப் பருக்கை எடுத்து ஒட்டினார். ஒட்டிய பிறகுதான் தலைகீழாய் நிற்பது தெரிந்தது.

"பிரெஞ்சு எழுத்துத்தானேங்க? இந்தப் பக்கம் யாருக்குத் தெரியப்போவுது?"

நல்லையா பல்லைக் கடித்தார். அதற்குள் தேத்தண்ணீர் மறுபடியும் ஆறிக் கலங்கத் தொடங்கியிருந்தது. தேசிக்காய் பிழிந்தால் கலங்காது என்றார் அழகர். பிழிந்தார்கள். கலங்கல் போனது, கூடவே நிறமும் போய் வெளுத்துவிட்டது. சீனியைக் கருக்கி ஊற்றினால் நிறம் வரும் என்றார். அதையும் ஊற்றினார்கள். நிறம் வந்தது. ஒரு யோசனை சொன்னவுடன் அடுத்த யோசனைக்கு வேலை வைக்கிற இந்த மனிதரைக் கட்டிக்கொண்டு அழவேண்டியிருக்கிறதே என்று நல்லையாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் மூக்கு வேலைசெய்யாதவருக்கு வேறு வழியில்லை. அழகரையும் இழுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். சாமித் தட்டிலிருந்த பன்னீரையும், அலமாரியிலிருந்த ஓடிக்கொலோனையும் போத்தலுக்குள் விட்டுக் குலுக்கி நீட்டினார்.

"மணந்து சொல்லும், எப்படியிருக்கு?"

அழகர் கண்ணை மூடி ஆழமாக இழுத்தார். "சாமி அறைக்குள்ள டாக்டர் வந்த மாதிரி இருக்குங்க."

"நல்ல மணமோ, கெட்ட மணமோ?"

"நல்ல டாக்டருங்க."

வாசலில் வான் ஹோர்ன் அடித்தது. அழகர் பின்வாசலால் நழுவினார். நல்லையா போத்தலை மேசை நடுவில் வைத்து, பூவேலை செய்த துணியால் மூடிவிட்டு, ஒன்றும் அறியாதவர்போல் நின்றார்.

சங்கத் தலைவர் ஷுக்ரி ஹாஜியார் முன்னால் வந்தார். பின்னால் ஸமீம் டீச்சர், இன்னும் நாலைந்து பேர். குணமணி பட்டுச் சேலையில் பம்பரமாகச் சுழன்றாள். இவ்வளவு சந்தோசமாக அவளை இந்த மலையில் நல்லையா கண்டதேயில்லை. கொழுந்தெடுத்து முடித்து வந்த வீட்டு வேலைக்காரி மாரியாயி குசினியில் தேத்தண்ணீருக்கு அடுப்பு மூட்டினாள்.

வந்தவர்கள் பத்திரிகைத்தாள் சுற்றிய போத்தல்களைப் பிரித்து ஒவ்வொன்றாக மேசையில் வைத்தார்கள். நீலம், பச்சை, மயில் கழுத்து வடிவம், மாதுளம்பழ வடிவம். நல்லையா ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாம் வெறும் போத்தல்! பாவங்கள், ஒருவரிடமாவது சொட்டுச் சென்ட் இருக்கவேண்டுமே. குணமணிதான் தலைவர், அதில் இனி மாற்றமில்லை. பட்ட பாட்டுக்குப் பலன் கிடைத்துவிட்டது என்று அவர் நெஞ்சு நிமிர்ந்தது.

"இப்ப என்ரை பாரிஸ் போத்தலைப் பாருங்கோ," என்று குணமணி துணியைத் தூக்கினாள்.

தூக்கிய கை அப்படியே நின்றது. மேசைக் காலில் ஏறிய எறும்பு வரிசையொன்று போத்தல் கழுத்துவரை போய், சோற்றுப் பருக்கையில் கூடாரமடித்திருந்தது.

"என்ன மகள் இது, எறும்பு?" என்றார் ஹாஜியார்.

 நல்லையா முந்திக்கொண்டார்.

"அசல் பாரிஸ் சென்ட்டெண்டால் எறும்பு வரும் ஹாஜியார். பாருங்கோ, கழுத்துவரை நிறைஞ்சு நிக்குது. ஒரு சொட்டும் குறையேல்லை!"

ஹாஜியார் மூடியைத் திறந்து மணந்தார். கண்ணைச் சுருக்கினார். போத்தலை ஸமீம் டீச்சரிடம் கொடுத்தார். டீச்சர் மணந்து பார்த்துவிட்டு முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.  ஹாஜியார் மெதுவாக அந்தப் போத்தலை மற்றப் போத்தல்களிலிருந்து விலக்கி, மேசை ஓரத்தில் வைத்தார்.

குணமணியின் கண் நிறைந்துவிட்டது. அவள் திட்டினால் தாங்குவார், அழுதால் நல்லையாவால் தாங்க முடியாது. மனம் உடைந்துபோயிற்று.

"இஞ்ச பாரும், எல்லாம் என்ரை பிழைதான், காலமை நான்தான் சென்ட்டைக் கொட்டி..." என்று அவர் தொடங்கும்போது, தேத்தண்ணீர்த் தட்டோடு வந்த மாரியாயி மேசையைப் பார்த்து வாயைப் பிளந்தாள்.

"அடியாத்தி! ஒரு சொட்டு சென்ட் இருந்தாலும் சங்கத்துல எடுக்க மாட்டாங்கன்னு அம்மா சொல்லித்தானே நேத்து சாயங்காலம் அம்புட்டையும் கொட்டி, உள்ளுக்குச் சோப்புத்தண்ணி ஊத்திக் கழுவி, தொட்டிக் கட்டுல காயவெச்சிட்டுப் போனேன், எந்தப் புண்ணியவான் இதுக்குள்ள மறுபடி ஊத்தினது?"