அண்ணன் கொடுத்த ராசியான லேப்டாப்

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை எழுதுவது. இங்கே நானும் அவரும் பாப்பாவும் சௌக்கியம். அங்கே நீயும் அண்ணியும் சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள். லேப்டாப்பை எங்கள் தலையில் கட்டியாயிற்றே. நீ நலம் விசாரித்து மூன்று வாரம் ஆகிறது. பதில் தாமதம்தான், மன்னிப்பெல்லாம் கேட்கப் போவதில்லை. இரண்டு நாள் முன்பு மின்னஞ்சலில் எழுதலாமென்று உட்கார்ந்தேன். திரை தெளிவதற்குள் கோபம் ஆறிவிடும் போலிருந்தது. ஆறக் கூடாது என்றுதான் பேனாவை எடுத்தேன்.

ஆறு வருஷம் நீ தேய்த்த லேப்டாப்பை, "ராசியான மிஷின்மா, புதுசு மாதிரி" என்று கொடுத்தாய். நானும் நம்பி, பாடநூல் பதிப்பகம் ஒன்றில் மெய்ப்புத் திருத்தும் வேலைக்கு விண்ணப்பித்தேன். வீட்டிலிருந்தே செய்யலாம், எட்டு மாதக் குழந்தையை யாரிடமும் விட வேண்டாம், பிரசவத்துக்குப் பிறகு எனக்கென்று வந்த முதல் வாய்ப்பு. பத்து மணிக்கு ஆன்லைன் தேர்வு. ஒன்பதரைக்கே பொத்தானை அழுத்திவிட்டேன். முதலில் என்ன வந்தது தெரியுமா? உன் பங்குச்சந்தை நிலவரம். அடுத்து "தண்ணீர் குடித்தீர்களா?" அதற்கடுத்து "எழுந்து சற்று நடங்கள்." நான் எதையும் திறக்கவில்லை, ஆனால் உன்னுடைய பதினான்கு புரோகிராம்கள் வரிசையில் வந்து உட்கார்ந்துகொண்டன. பன்னிரண்டு பக்க வினாத்தாள் வந்தபோது மணி பத்து முப்பத்தேழு. மூன்றாம் பக்கத்தில் நேரம் முடிந்தது. பதிப்பகத்து அம்மாவிடம் போனில் அழுது தீர்த்தேன். "வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு இன்னொரு தடவை எழுதும்மா. இதுதான் கடைசி" என்றார்.

உனக்குப் போன் செய்தேன். என்ன சொன்னாய்?

"ரீஸ்டார்ட் பண்ணிப் பாரு."

"நாலு தடவை பண்ணிட்டேண்ணா."

"அஞ்சாவது தடவை பண்ணு."

இதற்கு ஓர் அண்ணன்! உன் மாப்பிள்ளை உனக்கு மேல். ஏற்கெனவே ஓர் ஆன்டிவைரஸ் இருக்க, பாதுகாப்பாக இருக்கட்டுமென்று இன்னொன்றையும் போட்டுவைத்தார். கடைசியில் பாப்பாவை இடுப்பிலும் லேப்டாப்பைத் தோளிலும் சுமந்துகொண்டு ரிப்பேர் கடைக்குப் போனேன். மெக்கானிக் பார்த்தவுடனேயே, "ரெண்டு ஆன்டிவைரஸும் ஒன்ன ஒன்னு திருடன்னு தொரத்திட்டு இருக்குக்கா" என்றார். பின்பக்கத்தைக் கழற்றியவர் முகம் மாறியது. "இத எங்க வச்சு யூஸ் பண்றீங்க?"

"கட்டில்லதான், பாப்பா பக்கத்துல. ஃபேன் சத்தத்துல முழிச்சுக்குவான்னு அடியில போர்வை போட்டு, சுத்தியும் நல்லா அணைச்சு வச்சிருக்கேன்."

"அதுதான்கா இது மூச்சு விடுற எடம்! சூடு வெளிய போகலன்னா, கருகாம இருக்கறதுக்கு அதுவே வேகத்தக் கொறச்சுக்கும்."

பாப்பா மூச்சு விடுகிறாளா என்று பத்து நிமிஷத்துக்கொரு தரம் மூக்கில் விரல் வைத்துப் பார்க்கிறவள் நான். என்னைப் போய்க் கொலைகாரியைப் பார்ப்பது போலப் பார்க்கிறார்! உள்ளேயிருந்து எலுமிச்சை அளவுக்கு ஓர் அழுக்கு உருண்டை எடுத்தார். அதில் பாதி உன் தலைமுடி. எங்கே போயிற்று என்று கண்ணாடி முன்னால் நின்று தேடுகிறாயாமே, அண்ணியிடம் சொல், கிடைத்துவிட்டது. ஓர் ஆன்டிவைரஸை நீக்கி, தானாகக் கிளம்பும் உன் பரிவாரத்தை நிறுத்தி, சுற்றுகிற பழைய ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாகச் சுற்றாத, வேகமான எஸ்.எஸ்.டி. போட்டுக் கொடுத்தார். இப்போது இருபது நொடியில் திறக்கிறது.

போர்வை என் தப்புதான், ஒப்புக்கொள்கிறேன். மற்ற பதினான்கும் யார் தப்பு? ஒரு முறை காலை வாரிய சனியனை நான் நம்ப மாட்டேன். தேர்வு முடிந்த பிறகு அது இந்த வீட்டில் இருக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொண்டு வாசலோடு போய்விடு. இந்த ஜென்மத்தில் இனி உன்னிடம் ஓர் உதவி கேட்க மாட்டேன்.

அண்ணிக்கு என் அன்பு. உனக்கும், எழுத வேண்டுமே என்பதற்காக.

இப்படிக்கு,
உன் ஒரே தங்கை

பி.கு.: தபாலில் போடுவதற்குள் வெள்ளிக்கிழமையே வந்துவிட்டது. ஒன்பது நிமிஷம் மிச்சம் வைத்து முடித்தேன். வேலை கிடைத்துவிட்டதுண்ணா! திங்கள் முதல் தினமும் நாலு மணி நேரம். "வேலை நேரத்துல கொழந்தய யார் பாத்துப்பா?" என்று அந்த அம்மா கேட்க, "எங்க அண்ணன்" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. மேலே எழுதியதை மாற்றி எழுத நேரமில்லை, பாப்பா விழித்துவிட்டாள். கொரியரில் அனுப்புகிறேன். லேப்டாப் இங்கேயே இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை பதினைந்து நாளுக்குத் துணி எடுத்துக்கொண்டு நீ வா.