உருண்டையென்று வாக்களித்த நாடு

நடுவநாடு என்று ஒரு நாடு இருந்தது. மற்ற நாடுகளின் சட்டங்கள் ஏட்டில் இருந்தன. அந்த நாட்டின் சட்டம் வானத்தில் இருந்தது.

கோடைக்காலத்தில் தெற்கு வானில் பால்வீதி ஓரிடத்தில் பருத்துத் தெரியும். அதுதான் பால்வீதியின் நடு. அந்நாட்டார் அதை வான்மேடு என்றார்கள். இறந்த மன்னர்கள் அங்கே விண்மீன்களாகி என்றும் இளமையோடு ஆள்கிறார்கள் என்பது அரச வம்சத்தின் வாக்கு. மேடு உருண்டையானது. உருண்டைக்கு எல்லாப் பக்கமும் ஒன்று. ஆகையால் அரசுக்கும் எல்லாப் பக்கமும் ஒன்று. ஆற்றுத் தண்ணீர் மேற்குச் சீமைக்கு ஏன் வருவதில்லை என்று யாராவது கேட்டால் அதிகாரிகள் தெற்கு வானத்தைக் காட்டுவார்கள். கேட்டவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு ஊர் திரும்புவார்கள்.

மன்னரின் முடிசூட்டு விழா நெருங்கியபோது, வான்மேட்டைப் படமாக வரைந்து அவையில் மாட்ட முடிவாயிற்று. அந்த வேலை அரண்மனை வான்நூலார் வடிவாம்பாளுக்கு வந்தது. அரண்மனைத் தெருவில் வீடு, நல்ல சம்பளம், யாரோடும் சச்சரவு இல்லை. புதிதாக வந்த பெரிய தொலைநோக்கியை அவள் ஆசையோடு தெற்கே திருப்பினாள்.

மேட்டின் பெரும்பகுதியை வானத்துத் தூசு மறைத்திருந்தது. தூசு மெலிந்த இடம் ஒன்று மட்டும் சன்னல் போல் திறந்திருந்தது. அதன் வழியே பார்த்தாள். கொட்டிய கடுகு போல விண்மீன்கள் நெருங்கிக் கிடந்தன. இளமையான மீன்கள் நீலமாக ஒளிரும்; அவற்றைத் தேடினாள். அரிதாகத்தான் கண்ணில் பட்டன. மற்றவை எல்லாம் அணையப்போகும் தணல் போலச் சிவந்த கிழட்டு மீன்கள். அதையாவது எப்படியோ பூசி மெழுகிவிடலாம். அடுத்துக் கண்டதை மெழுக முடியவில்லை. ஒரே அளவு திரியுள்ள விளக்குகளைப் போல, ஒரே வகை மீன்கள் மேடு முழுவதும் இருந்தன. அவை ஒரு பக்கத்தில் பிரகாசமாகவும் மறுபக்கத்தில் மங்கலாகவும் தெரிந்தன. பிரகாசமானவை நமக்குப் பக்கத்தில் இருக்கின்றன, மங்கலானவை தள்ளி இருக்கின்றன. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். மேடு உருண்டை இல்லை. ஒரு முனையை நம் பக்கம் நீட்டிக்கொண்டு கிடக்கும் உலக்கை.

முதலில் கணவனிடம் சொன்னாள். ஏகாம்பரம் மேற்குச் சீமைக்காரன். அரண்மனை லாயத்தில் கண்காணிப்பாளன்.

"இத வேற யார்கிட்டயாச்சும் சொன்னியா?"

"உங்ககிட்டதான் மொதல்ல சொல்றேன்."

"அப்ப என்கிட்டயும் சொல்லாத மாதிரியே இருக்கட்டும்."

மறுநாள் தலைமை அமைச்சர் கனகசபாபதியிடம் படத்தைக் கொண்டுபோனாள். அவர் அதைப் பிரிக்கக்கூட இல்லை.

"உலக்கை என்றா சொன்னீர்?" என்று கேட்டார்.

அவள் இன்னும் வாயே திறக்கவில்லை. அந்தச் சொல்லைத் தன் வீட்டுச் சமையலறையில்தான் சொல்லியிருந்தாள். சமையலறைச் சன்னல் தெருவைப் பார்த்தது என்பதும் உண்மை.

"உம் வீட்டுக்காரர் மேற்குச் சீமை. மேட்டுக்கு முனை இருக்கிறது என்றால், அரசு ஒரு பக்கம் சாய்கிறது என்று பொருள். இதை உம்மைக் கொண்டு சொல்ல வைப்பது யார்?"

"வானம்தான் ஐயா."

"வானத்துக்குப் பின்னால் யார்?"

படம் மன்னரின் கண்ணில் ஒரு கணம் பட்டது. பிறகு எரிக்கப்பட்டது. ஆணைகள் வரத் தொடங்கின.

வான்மேட்டில் சிவப்பு இல்லை. ஆகையால் நாட்டிலும் சிவப்பு இல்லை, அது இளநீலத்தில் ஒரு வகை என்றது முதல் ஆணை. சந்தையில் அரசுக் கொள்முதலாளர்கள் மிளகாய்ப் பழத்தைக் கையில் எடுத்துப் பார்த்து, சிவப்பே இல்லாதபோது பழம் எங்கிருந்து வரும், இதுவும் காய்தான் என்று காய் விலை கொடுத்தார்கள்.

வானத்துத் தூசில் திறந்திருந்த சன்னல் வழியே பகைவர்கள் மன்னர்களை வேவு பார்ப்பதாகச் சொல்லி, அந்தி நேரத்தில் எல்லா வீட்டிலும் ஈர வைக்கோலை எரித்துப் புகை போட வேண்டும் என்றது அடுத்தது. வைக்கோல் புகையாய்ப் போனது. மாடுகளுக்கு விலா எலும்பு தெரிந்தது. குழந்தைகள் இருமினார்கள். இருமலில் வந்த இரத்தத்தின் நிறத்தைச் சொல்ல மருத்துவர்களுக்குச் சொல் இல்லை. சும்மா சளிதான் என்று அனுப்பிவைத்தார்கள்.

பின்னர், அந்தியில் எவரும் தலைநிமிரக் கூடாது, நிமிர்ந்தவரைக் கண்டவர் உடனே அறிவிக்க வேண்டும் என்று முரசறைந்தார்கள். அறிவிக்க வந்தவனிடம், நீ நிமிராமல் அவன் நிமிர்ந்ததை எப்படிக் கண்டாய் என்று கேட்டு இருவரையும் பிடித்துப் போனார்கள். அதன்பின் யாரும் யார் வீட்டிலும் மோர்கூட வாங்கவில்லை.

முணுமுணுப்பு அதிகமாகவே, மக்களே தீர்ப்புச் சொல்லட்டும் என்று அமைச்சர் வாக்கெடுப்பு அறிவித்தார். மேடு உருண்டையா, இல்லையா?

வடிவாம்பாள் அவையில் எழுந்தாள். "மேட்டைப் பார்த்தவள் நான். எனக்கு வாக்கு உண்டா?"

"பார்த்தவர்கள் ஏற்கெனவே ஒரு முடிவுக்கு வந்துவிட்டவர்கள்," என்றார் கனகசபாபதி. "அவர்களிடம் நடுநிலையை எதிர்பார்க்க முடியாது. மேட்டை ஒருபோதும் பாராதவர்களுக்கே வாக்குரிமை."

அவை கைதட்டியது. பிறந்தது முதல் அந்த வானத்தின் கீழ் வாழ்ந்தவர்கள், அந்தப் பக்கம் திரும்பியதே இல்லை என்று வரிசையில் நின்று சத்தியம் செய்து வாக்களித்தார்கள். ஏகாம்பரமும் போய்வந்தான்.

"போட்டுட்டேன். போடலன்னா பார்த்தவன்னு ஆயிடும்," என்றான். அவள் சோற்றைப் போட்டாள்.

மேடு உருண்டை என்று ஒருமனதாகத் தீர்ப்பாயிற்று.

சில நாள் கழித்து அமைச்சர் அவளைத் தம் மாளிகைக்கு அழைத்தார். வெளிக்கூடத்தில் அவருடைய மருமகன் நிலத் தரகர்களோடு உட்கார்ந்திருந்தான். உள்ளே போனதும் அமைச்சரே எழுந்து கதவைச் சாத்தினார். அவர் பேச்சே மாறியிருந்தது.

"உக்காருங்கம்மா. மன்னர் உங்க படத்த ஒரு தடவ பார்த்துட்டார். மேடு எந்த முனைய நம்ம பக்கம் நீட்டியிருக்கோ அந்தத் திசைக்குப் புது வாய்க்கால் வெட்டணும்னு ஆசைப்படுறார். எந்தப் பக்கம்னு அவருக்கு ஞாபகம் இல்ல."

"படம் இருந்தா பார்த்திருக்கலாம்."

"நாட்டு நன்மைக்காக எரிச்சது அது. சொல்லுங்க, கிழக்கா, மேற்கா?"

ஆக, இவருக்கு எல்லாம் தெரிந்தே இருந்திருக்கிறது. மேற்கு என்று சொல்ல அவளுக்கு நாக்கு துடித்தது. உண்மையோ பொய்யோ, சொன்னால் தண்ணீர் அங்கே போகும். ஆனால் தண்ணீருக்கு முன்னே அந்த மருமகன் நிலம் வாங்கப் போய்விடுவான். காய்ந்த நிலத்தை வந்த விலைக்கு விற்றுவிட்டு, ஏகாம்பரத்தின் அண்ணன் தம்பிகள் அந்த வாய்க்கால் கரையிலேயே கூலிக்கு நிற்பார்கள். எந்தத் திசையைச் சொன்னாலும் அந்தத் திசைக்காரர்களுக்கு அதே கதிதான்.

"உருண்டைக்கு ஏதுங்க முனை?" என்றாள்.

அமைச்சர் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டார்.

"நாடே வாக்குப் போட்டுச் சொல்லியிருக்கு. நான் ஒருத்தி மாத்திச் சொன்னா ராஜதுரோகம் ஆயிடாதுங்களா?"

அவளைத் தண்டிக்க வேண்டுமானால் முனை இருக்கிறது என்று அவர் சொல்லியாக வேண்டும். கதவைத் திறந்துவிட்டார்.

மன்னர் பொறுமை இழந்தார். தீர்ப்பை மீற முடியாதென்பதால் வாய்க்கால் அரண்மனையைச் சுற்றி வட்டமாக வெட்டப்பட்டது. ஆற்றுத் தண்ணீர் அதில் ஏறி, ஒரு சுற்றுச் சுற்றி, அரண்மனைக் குளத்திலேயே விழுந்தது. கிழக்குச் சீமைக்கும் மேற்குச் சீமைக்கும் இனி ஒரே அளவு தண்ணீர் என்று அமைச்சர் அறிவித்தார். அதில் பொய் இல்லை. இரண்டுக்கும் ஒரு சொட்டும் போகவில்லை.

ஒரு நாள் அந்தியில், தெருவெல்லாம் புகை மூடியிருக்கும்போது, ஏகாம்பரம் சாப்பிட்டுக்கொண்டே குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"என்கிட்ட மட்டும் சொல்லேன். நெஜமா அது எந்தப் பக்கம்?"

வடிவாம்பாள் எழுந்துபோய்ச் சமையலறைச் சன்னலைச் சாத்தினாள். திரும்பி வந்து கணவனின் எதிரே உட்கார்ந்தாள்.

"யாரு உங்களக் கேக்கச் சொன்னாங்க?" என்றாள்.