டொமைசில் ஐந்நூறு மில்லிகிராம்

உதவி மேலாளர் ஆகாமல் விடுவதில்லை என்று பஸ் டிப்போ ஸ்டோர்கீப்பர் முடிவெடுத்தது ஒரு திங்கட்கிழமை காலை, பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது.

இருபத்தோரு வருஷமாக பிரேக் லைனிங், கிளட்ச் பிளேட், நட்டு, போல்ட்டு என்று எடுத்துக் கொடுத்தே கைரேகை அழிந்தவர். பதவி உயர்வுப் பரீட்சையில் மற்ற தாள்களெல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஒரு தாள்தான் எமன். கடினமான ஆங்கில வார்த்தைகள் ஐம்பது கொடுப்பார்கள். அர்த்தம் எழுத வேண்டும். போன தடவை 'கேண்டிட்' என்பதற்கு மிட்டாய் என்றும், 'இன்ஃபன்ட்ரி' என்பதற்குக் குழந்தைகள் காப்பகம் என்றும் எழுதிவிட்டு வந்தார். பதினோரு மார்க். காலாட்படையைத் தொட்டிலில் போட்டவர் என்று டிப்போவில் இன்னும் பேச்சு.

இந்த முறை விடக்கூடாது. செங்கல் கனத்தில் ஒரு வார்த்தைப் புத்தகம் வாங்கினார். பரீட்சைக்கு முன்னால் பதினைந்து நாள் லீவும் எழுதிக் கொடுத்தார். சாப்பாட்டு மேஜையின் பாதி அவருடையதாயிற்று.

மனைவி பல் டாக்டர் கிளினிக்கில் வரவேற்பு மேஜையில் வேலை பார்ப்பவள். நாளெல்லாம் வாயைத் திறக்க முடியாதவர்களோடு பழகிப் பழகி, வாயைத் திறப்பதற்கு முன்பே ஆளைப் புரிந்துகொள்வாள்.

"இந்தச் சட்டை ரொம்ப டிலாப்பிடேட்டட் ஆயிடுச்சு," என்றார் ஸ்டோர்கீப்பர்.

"கிழிஞ்சிருக்கா?"

"ஆமா."

"அதுக்கா இவ்வளவு நீளம்? நீங்க சொல்லி முடிக்கிறதுக்குள்ள நான் தைச்சே முடிச்சிருப்பேன்."

இப்படியே நாலு நாள் போயிற்று. வெள்ளிக்கிழமை மத்தியானம், ஸ்டோரில் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தவரின் போனில் ஒரு மெசேஜ் வந்து விழுந்தது. அனுப்பியவன் மைத்துனன், மனைவியின் தம்பி.

'மாமா, எங்க வீட்டுக்கு பெயின்ட் அடிக்கிறோம். வாசனை தாங்கலை. திங்கட்கிழமையிலிருந்து ரெண்டு வாரம் உங்க வீட்டுல தங்கிக்கலாமா?'

ஸ்டோர்கீப்பருக்குக் கால் கட்டை விரலிலிருந்து சூடு ஏறியது. மைத்துனன் கெட்டவன் இல்லை. அதுதான் சிக்கல். மருந்துக்கடையில் மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவன். சொந்தத்தில் எல்லாருக்கும் அவன் 'டாக்டர்'. கையைக் குலுக்கினால் நாடியையும் பார்த்துவிட்டுத்தான் விடுவான். பேச ஆரம்பித்தால் எதிரே இருப்பவருக்குத்தான் மூச்சு வாங்கும். அவன் வந்தால் மேஜை போச்சு, லீவு போச்சு, உதவி மேலாளரும் போச்சு.

'வராதே' என்று எழுதினால்? அவன் அக்காவிடம் சொல்வான். அப்புறம் வீட்டுக்குள் ஸ்டோர்கீப்பர் இருக்க முடியாது. பாம்பும் சாக வேண்டும், கம்பும் உடையக்கூடாது. யோசித்தார். மேஜை டிராயருக்குள் இருந்த செங்கல் புத்தகம் அவரைப் பார்த்தது.

ஆகா! புரியாத மாதிரி சொன்னால்? அவனுக்குப் புரியாது, புரியவில்லை என்று சொல்ல வெட்கப்படுவான். ஏதோ பெரிய காரணம் போலிருக்கிறது என்று மாமனார் வீட்டுக்குப் போய்விடுவான். நாளைக்கு யாராவது கேட்டாலும், மரியாதையாகத்தானே எழுதியிருக்கிறேன் என்று மார்தட்டலாம். புத்தகத்தை ஒரு மணி நேரம் புரட்டினார். கிளட்ச் பிளேட் கேட்டு வந்தவனுக்கு ஹாரனை எடுத்துக் கொடுத்தார். கடைசியில் ஒரு வாக்கியம் பிறந்தது:

'எக்ஸிஜென்ஸி காரணமாக எங்கள் டொமைசில் தற்சமயம் இன்ஹாஸ்பிடபிள்.'

காரணமாக, எங்கள், தற்சமயம் என்பவையும் ஆங்கிலத்தில்தான் இருந்தன. அவை எல்லாருக்கும் தெரிந்தவை. மற்ற மூன்றும் புத்தகத்தில் தேடிப் பிடித்தவை. நெருக்கடி காரணமாக எங்கள் இல்லம் விருந்தினரை ஏற்கும் நிலையில் இல்லை என்று அர்த்தம். அனுப்பினார். பதில் இல்லை. சனிக்கிழமையும் இல்லை, ஞாயிற்றுக்கிழமையும் இல்லை. ஸ்டோர்கீப்பர் தன் முதுகைத் தானே தட்டிக்கொள்ள முயன்று, தோள் பிடித்துக்கொண்டது.

திங்கட்கிழமை காலை எட்டரை. லீவின் முதல் நாள். மேஜையில் புத்தகம், பென்சில், டம்ளரில் தண்ணீர். 'ஆப்ஸ்டினேட்' என்றால் பிடிவாதம் என்று மூன்றாவது தடவை சொல்லிக்கொண்டிருந்தபோது வாசலில் ஆட்டோ நின்றது.

முதலில் இரண்டு பெரிய பை வந்தது. பின்னால் மைத்துனனின் பெண்டாட்டி வந்தாள். அதற்கும் பின்னால், வாயில் தெர்மாமீட்டர் உறையைக் கடித்துக்கொண்டு, கையில் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியோடு மைத்துனன்.

"மாமா! ஏன் எழுந்து உக்காந்தீங்க? யார் உங்களை எழுந்திரிக்கச் சொன்னது?"

"எனக்கு என்ன?"

"எங்கிட்டயே மறைக்கிறீங்களே! நேத்து சாயந்திரம்தான் மெசேஜையே பார்த்தேன், எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. முதல் வார்த்தை எமர்ஜென்ஸி மாதிரியும் இருந்தது, ஆக்ஸிஜன் மாதிரியும் இருந்தது. ரெண்டுமே இருந்திருக்கும்னு புரிஞ்சுக்கிட்டேன். அப்புறம் டொமைசில் கொடுத்திருக்காங்கன்னு போட்டிருந்தீங்க. எங்க கடையில அந்த மாத்திரையே இல்ல மாமா, மூணு கடையில விசாரிச்சுட்டேன். அவ்வளவு வீரியமான மருந்து போல. கடைசி வார்த்தையைப் படிக்கும்போது அழுகையே வந்துடுச்சு. இன் ஹாஸ்பிடல்!"

ஸ்டோர்கீப்பர் புத்தகத்தை மூடினார்.

"உடனே அக்காவுக்குப் போன் பண்ணேன்," என்றான் மைத்துனன்.

சமையலறை வாசலில் மனைவி நின்றிருந்தாள். கிளினிக்குக்குக் கிளம்பியவள் போல கைப்பை தோளில். முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

"பண்ணினான். எழுத்து எழுத்தா படிச்சுக் காட்டினான். நான் என்னத்தைக் கண்டேன், அவர் அப்படி எழுதியிருந்தா அப்படித்தான் இருக்கும், கிளம்பி வா தம்பின்னேன். இப்பதான் நேர்ல இருக்காரே. படிச்சவர் அவர்தான்." அவர் பக்கம் திரும்பினாள். "நீங்களே சொல்லுங்க. அந்தக் கடைசி வார்த்தைக்கு என்னங்க அர்த்தம்?"

திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்த முடியுமா? மைத்துனன் பார்த்தான். அவன் பெண்டாட்டி பார்த்தாள். மனைவி, டோக்கன் கொடுத்துவிட்டு அடுத்த ஆளுக்குக் காத்திருப்பவள் போல் பொறுமையாக நின்றாள்.

"லேசா... மயக்கம்..." என்றார் ஸ்டோர்கீப்பர்.

அடுத்த நிமிஷம் அவர் கட்டிலில் இருந்தார்.

மேஜைக்கு மைத்துனனின் மருந்துப் பெட்டி வந்தது. புத்தகம் பீரோவுக்கு மேலே போயிற்று. இவ்வளவு சின்ன எழுத்து மூளைக்கு ஆகாதாம். மூன்று வேளையும் பாலில் நனைத்த ரொட்டி. நாலு மணிக்கொரு தடவை ரத்த அழுத்தம். மைத்துனன் பக்கத்தில் உட்கார்ந்து பேசப் பேச அது ஏறியது. ஏறுகிறதே என்று அவன் இன்னும் கொஞ்சம் ஆறுதலாகப் பேசினான்.

மறுநாள் காலை மனைவி அறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள். அவர் கிசுகிசுத்தார்.

"எனக்கு ஒண்ணும் இல்லைன்னு உனக்குத் தெரியும்ல?"

"அப்படியா? அப்போ வெளியில போய்த் தம்பிகிட்ட சொல்லிடுங்க. நான் என்ன கையைப் பிடிச்சா இழுக்கறேன்?"

"பரீட்சை இருக்கு!"

"தெரியும். ஒழுங்கான நோயாளியா படுத்திருந்தீங்கன்னா, மாத்திரை கொடுக்கிற சாக்குல காலையில இருபது, சாயந்திரம் இருபது வார்த்தை நான் கேக்கறேன். முரண்டு பிடிச்சா தம்பியை அனுப்பறேன்."

நாற்காலி போட்டு ஏறி, பீரோ மேலிருந்து புத்தகத்தை எடுத்தாள். பேரம் அதோடு முடிந்தது.

அதன்பின் தினமும் இரண்டு வேளை அறைக்குள் முணுமுணுப்புக் கேட்டது. மைத்துனன் கதவில் காதை வைத்துவிட்டு வந்து பெண்டாட்டியிடம், "மாமா என்னென்னவோ பினாத்துறார். ஒரு வார்த்தைகூட நம்ம பாஷை இல்ல," என்று கவலைப்பட்டான். அன்று இரவு பாலில் ரொட்டி பாதியாகக் குறைந்தது.

ஒன்பதாம் நாள்தான் பெரிய கண்டம் வந்தது. அடுத்த வீட்டில் இருப்பவர் கோர்ட்டில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆங்கிலம் அவருக்குக் கைவந்த சமாசாரம். நாலு ஆரஞ்சோடு நலம் விசாரிக்க வந்தார்.

"என்ன மருந்து கொடுக்கறாங்க?"

"டொமைசில் சார்," என்றான் மைத்துனன் பெருமையாக. "ஐந்நூறு மில்லிகிராமா இருக்கும்."

டைப்பிஸ்ட் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்தார். "டொமைசிலா? அப்படின்னா வீடு இல்லையோ?"

கட்டிலில் ஸ்டோர்கீப்பருக்கு நிஜமாகவே வேர்த்தது. நாடி நூற்றுப் பத்துக்குப் போயிற்று. போர்வையை மூக்குவரை இழுத்துக்கொண்டு மனைவியைப் பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து அவளை அவர் அப்படிப் பார்த்ததில்லை.

அவள் ஆரஞ்சை உரித்துக்கொண்டே நிமிராமல் சொன்னாள்: "வீட்டுக்காரருக்கு வந்த நோய்தானே சார். மருந்தும் அதுக்குத் தகுந்த மாதிரிதான் இருக்கும்."

டைப்பிஸ்ட் கடகடவென்று சிரித்தார். ஏன் என்று புரியாமல் மைத்துனனும் சிரித்தான். அவர் சிரித்தபடியே எழுந்து போனார். போர்வைக்குள்ளிருந்து நீளமாக ஒரு மூச்சு வந்தது. மைத்துனன் அதையும் எண்ணினான்.

பதினைந்தாம் நாள் அவன் வீட்டில் பெயின்ட் காய்ந்தது. கிளம்பும்போது மாமாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு கண் கலங்கினான். "சரியான நேரத்துக்கு வந்து சேர்ந்தேன் மாமா. இல்லன்னா என்ன ஆகியிருக்கும்!" அவனை வர விடாமல் செய்ய ஒரு மணி நேரம் வார்த்தை பொறுக்கியது நினைவுக்கு வந்து, ஆட்டோ தெருமுனை திரும்பும்வரை ஸ்டோர்கீப்பர் தலை நிமிரவில்லை. அவ்வளவு நாளும் அவன் காட்டிய அக்கறையில் ஒரு துளிகூடப் பொய் இல்லை.

பரீட்சை எழுதினார். படுக்கையில் வேறு வேலை இல்லாமல் படித்தது கல்லில் எழுதினது மாதிரி நின்றிருந்தது. ஐம்பதில் நாற்பத்தி நாலு. உதவி மேலாளர் உத்தரவு வந்த அன்று மனைவி கிளினிக்கிலிருந்து திரும்பி, செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். புது உதவி மேலாளருக்கு மனசு லேசாக இருந்தது. வெகு நாளாக உறுத்திய ஒன்றைக் கேட்டார்.

"உண்மையைச் சொல்லு. அந்த மெசேஜுக்கு அர்த்தம் எங்க பார்த்த? என் புத்தகத்துலயா? இல்ல, உங்க டாக்டர்கிட்ட கேட்டியா?"

"நான் எங்கயும் பார்க்கலையே."

"பார்க்கலையா? பின்ன எப்படிக் கண்டுபிடிச்ச?"

அவள் செருப்பைச் சுவர் ஓரமாகத் தள்ளிவிட்டு உள்ளே நடந்தாள்.

"'வா'ன்னு சொல்றதுக்கு யாராவது புத்தகத்தைப் புரட்டுவாங்களாங்க?"