வண்டி இன்னும் விற்காததற்கான காரணங்கள்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

அத்தான் எழுதுவது. நான் நலம், வண்டியும் நலம். காலையில் என் கண்ணிலிருந்து கொஞ்சம் நீர் வடிகிறது, வண்டியின் அடியிலிருந்து கொஞ்சம் எண்ணெய் வடிகிறது, இரண்டுக்கும் வயதுதான் காரணம் என்று அவரவர் வைத்தியர்கள் சொல்லிவிட்டார்கள். அங்கே நீயும், உன் வீட்டுக்காரியும், குழந்தைகளும், உன்னுடைய மீட்டிங்குகளும் சௌக்கியம்தானே.

போன் இருக்கும்போது இந்த மனுஷன் ஏன் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். நேற்று நீ கூப்பிட்டு, "வண்டி ஏன் இன்னும் விக்கல, சுருக்கமாச் சொல்லுங்க அத்தான், மீட்டிங் இருக்கு" என்றாய். "அது பெரிய கதை மாப்பிள்ளை" என்று நான் தொண்டையைச் சரிசெய்துகொள்வதற்குள், "சரி விடுங்க, அடுத்த சனிக்கிழமை பழைய வண்டி வியாபாரியை அனுப்புறேன், இழுத்துட்டுப் போயிடுவார், குடுக்கறதைக் குடுக்கட்டும்" என்று சொல்லி வைத்துவிட்டாய். நான் இன்னும் கொஞ்ச நேரம் ஹலோ சொல்லிப் பார்த்தேன். கடிதத்தில் ஒரு சௌகரியம், நீ பாதியில் வைத்தாலும் எனக்குத் தெரியப்போவதில்லை. ஆகவே காரணங்களை விவரமாக எழுதுகிறேன். படித்துவிட்டு அந்த வியாபாரியை நிறுத்திவிடு, அது ஒன்றுதான் நான் கேட்பது.

உன் மேல் கோபம் இல்லை. கண் டாக்டர் இனிமேல் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்று சொன்னதிலிருந்து நான் திருட்டுத்தனமாக வண்டியை எடுத்துவிடுவேனோ என்று நீ பயப்படுகிறாய். ஒரே ஒரு தடவைதான் எடுத்தேன். கேட் தூண் வழக்கமாக நிற்கிற இடத்தில் நிற்காமல் கொஞ்சம் தள்ளி நின்றது, அவ்வளவுதான். மற்றபடி நீ வந்து, நாலு பக்கமும் படம் எடுத்து, இணையத்தில் விளம்பரம் போட்டுக் கொடுத்ததெல்லாம் என் நல்லதுக்குத்தான். கிளம்பும்போது கேட்டில் நின்றுகொண்டு, பார்க்காமலே வாங்குறேன்னு சொல்றவனை நம்பாதீங்க, சொன்ன விலைக்கு மேல அனுப்பிட்டு மிச்சத்தைத் திருப்பிக் கேக்கிறவனை நம்பாதீங்க, போன்ல வர்ற ரகசிய எண்ணை யாருக்கும் சொல்லாதீங்க, பணம் பேங்க்ல வந்து உக்காராம பேப்பர்ல கையெழுத்துப் போடாதீங்க, ஓட்டிப் பாக்கிறேன்னு வர்றவன்கிட்ட சாவியைக் குடுத்துட்டு நிக்காதீங்க, கூடவே போங்க என்றெல்லாம் ஒப்பித்தாயே, அதில் ஒன்றைக்கூட நான் மீறவில்லை. வண்டி விற்காததற்கு முதல் காரணம் அதுதான் என்று வைத்துக்கொள்.

நீ போன அன்றே ஒரு கப்பல் அதிகாரி கூப்பிட்டார். நடுக்கடலில் இருக்கிறாராம். படத்தைப் பார்த்ததுமே மனசு பறிபோய்விட்டதாம், நேரில் பார்க்க வேண்டியதில்லையாம், விலைக்கு மேலேயே செக் அனுப்புவாராம், கூடுதலாக வருவதை வண்டியை ஏற்றிப்போக வரும் ஏஜெண்டுக்கு நான் அனுப்பினால் போதுமாம். நீ சொன்னது அச்சு அசலாக அப்படியே இருந்ததால் ஆள் யாரென்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. நீயாக இருந்தால் அந்த நிமிஷமே வைத்திருப்பாய். ஆனால் டெலிபோன் இலாகாவில், புகார்ப் பிரிவில், நான் வேலைக்குச் சேர்ந்த அன்று மேலதிகாரி சொன்ன முதல் விதி, கூப்பிட்டவர் வைக்கும்வரை நாம் வைக்கக் கூடாது என்பது. ஓய்வு பெறும்வரை அப்படியே இருந்து பழகிவிட்டது. உன் அக்கா வெளியே போகத் தயாராகி, வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டு நிற்பாள், நான் ராங் நம்பரில் வந்த யாரோ ஒருவரின் தண்ணீர்க் குழாய்ப் பிரச்சினையைக் கேட்டுக்கொண்டிருப்பேன். அவள் போய்ச் சேர்ந்த பிறகு ராங் நம்பரும் குறைந்துவிட்டது.

அதனால் கப்பல்காரரிடம் பேசினேன். கடல் இன்றைக்கு எப்படி இருக்கிறது, சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா, வீட்டு ஞாபகம் வருமா என்றெல்லாம் கேட்டேன். பாவம், ஒன்றுக்கும் அவரிடம் தயாராகப் பதில் இல்லை. நடுக்கடலில் பின்னாலிருந்து குக்கர் விசில் வேறு கேட்டது, நான் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை, எதற்கு அவரைச் சங்கடப்படுத்துவது. தினமும் சாயங்காலம் கூப்பிடுவார். நான் முகம் கழுவி, டீ போட்டு, போனுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். வண்டியின் கதையைச் சொன்னேன், முதல் தடவை அதில் மலை ஏறினபோது உன் அக்கா வண்டி உருளாமல் பின்சக்கரத்துக்கு வைக்கக் கல்லை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்ததைச் சொன்னேன், அதற்கு அவர் நிஜமாகவே சிரித்தார். கடைசியில் ஒருநாள் அவர்தான் உடைந்துவிட்டார். "சார், நீங்க ஏஜெண்டுக்குப் பணம் அனுப்புவீங்களா மாட்டீங்களா? எனக்கு வேற பொழப்பு இல்லையா?" என்று கத்திவிட்டு வைத்தார். அப்புறம் நான் கூப்பிட்டால் போகவே இல்லை, என் நம்பரை அடைத்துவிட்டார் போலிருக்கிறது. மோசடிக்காரனே அடைத்துப் போடுகிற அளவுக்கு உன் அத்தான் ஜாக்கிரதையாக இருந்திருக்கிறேன் பார். ஆனாலும் அந்த வாரம் முழுக்கச் சாயங்காலம் ஆனால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அடுத்து வந்தது ஒரு பெண். குரல் சின்னக் குரல், ஜலதோஷம் வேறு. முன்பணம் அனுப்புகிறேன், உங்கள் போனுக்கு ஒரு எண் வரும், அதைச் சொல்லுங்கள் என்றாள். எண் வந்தது. மூக்குக் கண்ணாடி இல்லாமல் எனக்கு எண் எறும்பு மாதிரிதான் தெரியும், சொல்ல வேண்டும் என்று நினைத்தாலும் சொல்ல முடியாது. கண்ணாடியைத் தேடினேன். அவளும் பொறுமையாக, மேஜை மேல பாத்தீங்களா, பாத்ரூம்ல பாத்தீங்களா என்று வழி சொல்லிக்கொண்டே வந்தாள். வீடு முழுக்க அவளுக்குச் சுற்றிக் காட்டின மாதிரி ஆகிவிட்டது. நடுவில் இருமினாள், வெந்நீர் குடிம்மா என்றேன். கடைசியில் கண்ணாடி கிடைக்கவில்லை, கையில் கிடைத்த கண் சொட்டுமருந்துப் பாட்டிலைத் தடவிப் பார்த்து அதில் புடைத்துக்கொண்டிருந்த எண்ணை வாசித்தேன். "அது தப்பான நம்பர் ஐயா" என்றாள். "வீட்ல வேற யாரும் இல்லையா?" என்று கேட்டாள். இல்லையம்மா என்றேன். மறுபடி இருமினாள். அப்புறம், "இந்த மாதிரி நம்பர் கேட்டா யாருக்கும் சொல்லாதீங்க ஐயா, யார் கேட்டாலும்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். கண்ணாடி சட்டைப் பையிலேயே இருந்தது.

சரி, நேரில் வந்தவர்களைப் பற்றிச் சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒரு கதவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நீ எப்போதும் பின் சீட்டில்தான் உட்காருவாய், உனக்குத் தெரிந்திருக்க நியாயம் இல்லை. ஓட்டுகிறவருக்குப் பக்கத்துக் கதவு உள்ளேயிருந்து திறக்காது. கைப்பிடி எப்போதோ உடைந்துபோனது. எங்கே போனாலும் நான் இறங்கி, சுற்றி ஓடிவந்து, வெளியிலிருந்து திறந்தால்தான் உன் அக்கா இறங்க முடியும். பார்க்கிறவர்கள் என்னைப் பெரிய மரியாதைக்காரன் என்று நினைத்துக்கொண்டார்கள். உன் அம்மாகூட உன் கல்யாணத்தின்போது, பொண்டாட்டியை எப்படி நடத்தறதுன்னு அத்தானைப் பார்த்துக் கத்துக்கோ என்று சொன்னார்களே, அது இந்த உடைந்த கைப்பிடியால் வந்த பெருமை. சரிபண்ணிவிடலாமா என்று உன் அக்காவைப் பலமுறை கேட்டிருக்கிறேன். "எதுக்கு?" என்பாள்.

முதலில் ஓட்டிப் பார்க்க வந்தவர் சொந்தமாக மெக்கானிக் ஒருவரைக் கூட்டிவந்தார். நீ சொன்னபடி நானும் கூடவே போனேன். கூடப் போனால் எங்கே உட்காருவது, உன் அக்கா சீட்டில்தான். இத்தனை வருஷத்தில் அதில் நான் உட்கார்ந்ததே இல்லை மாப்பிள்ளை. அங்கிருந்து பார்த்தால் நம் தெரு வேறே மாதிரி இருக்கிறது. மாடிவீட்டு ஜன்னல்களெல்லாம் தெரிகின்றன, கடைக்குள்ளே யார் நிற்கிறார்கள் என்று தெரிகிறது, ஓட்டுகிறவனுக்கு இதெல்லாம் எங்கே தெரியும். அவள் வரும் வழியெல்லாம் அதோ பாருங்க, இதோ பாருங்க என்பாள், நான் ரோட்டைப் பார்க்கவா உன்னைப் பார்க்கவா என்று எரிந்து விழுவேன். நினைத்தால் எனக்கே என் மேல் எரிச்சல் வந்தது. திரும்பி வந்து நிறுத்தினதும் அவர்கள் இரண்டு பேரும் இறங்கி பானட்டைத் திறந்துவிட்டார்கள், நான் உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். ரொம்ப நேரம் கழித்துத்தான் மெக்கானிக் வந்து கதவைத் திறந்தார். பாதி விலைக்குக் கேட்டார்கள். முடியாது என்றேன்.

அப்புறம் ஒரு பேக்கரிக்காரரும் அவர் மனைவியும் வந்தார்கள். பிரேக்கைச் சோதிக்க ஏற்ற இறக்கமான ரோடு வேண்டும் என்பதால் கண் ஆஸ்பத்திரி வழியாகப் போகச் சொன்னேன், போன இடத்தில் அப்படியே சொட்டுமருந்து விட்டுக்கொண்டேன், அவர்கள் காத்திருந்தார்கள். திரும்பும்போது பல்பு வாங்க வேண்டியிருந்தது, வாங்கினேன். அந்த அம்மாள் பின் சீட்டிலிருந்து, "வேற எங்கயாவது போகணுமா ஐயா?" என்று கேட்டாள், லைப்ரரி என்றேன். முழு விலையையும் பேரம் பேசாமல் தருகிறோம் என்றார்கள். பேரம் பேசாதவன் மேல்தான் சந்தேகப்பட வேண்டும் என்று எனக்குப் பட்டது. பணம் போடுகிறோம், நீங்களே பேங்குக்கு வந்து பாருங்கள் என்றார்கள், இவ்வளவு யோக்கியமாக நடந்துகொள்கிறவர்களுக்கு உள்நோக்கம் இல்லாமல் இருக்குமா என்று யோசித்தேன், யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவர்கள் வேறு வண்டி வாங்கிவிட்டார்களாம். நல்லவேளை, தப்பித்தேன்.

இப்போது என் முழுக் கண்காணிப்பில் இருப்பவர் லிஃப்ட் மெக்கானிக் ஒருவர். கட்டடம் கட்டடமாகப் போய் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். ஞாயிற்றுக்கிழமைதோறும் வருகிறார், ஓட்டிப் பார்க்கிறார், லோன் வரவேண்டும் என்கிறார், போய்விடுகிறார். "வாரம் முழுக்க மேலயும் கீழயும்தான் சார் போறேன், ஒரு நாளாவது நேரா போகணும்னு இருக்கு" என்கிறார். நீ சொன்ன எல்லா அடையாளமும் அவரிடம் இருக்கிறது. பணத்தைக் கண்ணில் காட்டவில்லை, வீட்டு விஷயமெல்லாம் விசாரிக்கிறார், தனியாகவா இருக்கீங்க என்கிறார், போனவாரம் மழைக்கு என்று குடைகூடக் கொண்டுவந்தார். இப்படிப்பட்டவரை என்ன செய்வது? ஒவ்வொரு வாரமும் கூடவே போய்க் கவனித்தால்தான் பிடிபடுவார். போனவாரம் ஏரிவரைக்கும் போய்க் கவனித்தேன். இன்றைக்கும் வருவார். ஆகவே பேச்சுவார்த்தை முக்கியமான கட்டத்தில் இருப்பதால் நீ வியாபாரியை அனுப்ப வேண்டாம், விளம்பரமும் அப்படியே இருக்கட்டும், நல்ல விலை கிடைத்ததும் நானே விற்றுவிட்டுச் சொல்கிறேன்.

உன் வீட்டுக்காரிக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசீர்வாதங்கள். அவரவர் வயசுக்கு ஏற்றபடி பிரித்துக்கொள்ளவும், சின்னவளுக்குக் கொஞ்சம் கூடுதலாக. உனக்கு மீட்டிங் இல்லாத ஒரு நாள் வாய்க்கட்டும்.

இப்படிக்கு,
ஏமாறாத
உன் அத்தான்

பி.கு.: காலையில் இதை எழுதி மடித்து வைத்தேன், இப்போது சாயங்காலம். லிஃப்ட்காரர் வந்துவிட்டுப் போனார். இன்றைக்கு வண்டியைத் தொடவில்லை, கேட்டுக்கு வெளியிலேயே நின்றார். "சார், உங்களை ஏமாத்திட்டேன். லோனெல்லாம் ஒண்ணும் போடல. இதை வாங்குற வசதி எனக்கு வராதுன்னு மொத நாளே தெரியும். சும்மா ஓட்டணும்னு ஆசை. மன்னிச்சுக்கோங்க, இனிமே வரமாட்டேன்" என்றார். பிடிபட்டுவிட்டார், நான் நினைத்தது சரியாகிவிட்டது, சந்தோஷப்பட வேண்டியதுதானே. ஆனால் அவர் திரும்பிப் போகத் தொடங்கியதும், "இருங்க, நானும் விக்கிறதா இல்ல" என்று சொல்லிவிட்டேன். அவருக்குப் புரியவில்லை. "அப்போ அந்த விளம்பரம்?" என்றார். "அது ஆள் வர்றதுக்கு" என்றேன்.

விளம்பரத்தை எடுத்துவிடு மாப்பிள்ளை. அந்த பேக்கரிக்காரர்களை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. சனிக்கிழமை யாரையும் அனுப்பாதே, நீ வேண்டுமானால் ஒருநாள் வா, பின் சீட் காலியாகத்தான் இருக்கும். நாங்கள் ஏரியைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போய்விட்டு வந்தோம். வந்து நிறுத்தினதும் அவர் இறங்கி, சுற்றி வந்து, கதவைத் திறந்துவிட்டார். இந்தக் கைப்பிடியைச் சரிபண்ண ஒரு ஸ்க்ரூ போதும், அடுத்த வாரம் கொண்டுவரட்டுமா என்று கேட்டார்.

எதுக்கு என்றேன்.